பழைய பேஸ் கிட்டாரின் பிக்கார்டைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மின் கிட்டார்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் பிக்கார்டு, அதாவது வாசிக்கும்போது உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு, தேய்ந்துவிட்டால் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போன வருடம் வாங்கிய கிட்டாருக்கு அது போதும். அறுபது வருடப் பழைய பேஸை (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டாரை) வைத்திருப்பவர் அந்த ஒரு வரியை நம்பி ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தால், பிறகு யாராலும் சரிசெய்ய முடியாத சேதம் வரும். பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பவர்கள் என்ற முறையில், அந்த வரியில் விட்டுப்போன வேலை என்ன என்பதை எழுதுகிறோம்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். விரலும் கம்பியை மீட்டும் பிக்கும் உரசி விழுந்த கீறல்கள், மங்கிய பளபளப்பு, வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது, இவை எதுவும் மாற்றுவதற்குக் காரணமே அல்ல. தங்க நிறத்தில் அனோடைஸ் செய்த அலுமினிய கார்டில் விரல் படும் இடம் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறம் தெரியும். அது அழகுக் குறைதான், பழுது இல்லை. அப்படியே விட்டுவிடலாம். மாற்ற வேண்டிய அறிகுறிகள் வேறு. ஸ்குரு துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியிருப்பது, கார்டு வளைந்து எழும்பிக் கம்பிக்கு அருகே வந்திருப்பது, பிக்அப்பின் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகத்தின்) மூடியைக் கார்டின் ஓரம் நெருக்கிப் பிடித்திருப்பது, கார்டைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்கள் மட்டும் காரணமில்லாமல் பச்சை பிடித்துத் துருவேறியிருப்பது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஏன் என்பது கார்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் புரியும்.

எல்லோருக்கும் தெரிந்த, ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸையே எடுத்துக்கொள்வோம். 1951-ல் வந்தபோது அதற்குக் கறுப்பு கார்டு. 1954-ல் வெள்ளை பிளாஸ்டிக். 1957-ல் பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு வடிவமே மாறியபோது தங்க நிற அலுமினியம். 1959-லிருந்து ஆமை ஓட்டு வடிவம் கொண்ட செல்லுலாய்டு. 1960-களின் நடுவிலிருந்து செல்லுலாய்டின் இடத்தில் வினைல் என்ற பிளாஸ்டிக் வரத் தொடங்கியது. இதில் தொல்லை கொடுப்பது செல்லுலாய்டுதான். 1870-ல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் காப்புரிமை பெற்ற பொருள் அது. நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரம் சேர்த்துச் செய்தது. அந்தக் கற்பூரம் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகிப் போகப் போக கார்டு சுருங்குகிறது, நொறுங்கும் தன்மை வருகிறது. கூடவே நைட்ரிக் அமில ஆவியும் கசிகிறது. பேஸை மூடிய பெட்டியிலேயே வருடக்கணக்கில் வைத்திருந்தால் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் பிக்அப்பின் காந்தங்களையும் ஸ்குருக்களையும் அரிக்கிறது. சிதைவு தொடங்கிவிட்டால் தன் ஆவியாலேயே அது வேகமெடுக்கும்.

கார்டு செல்லுலாய்டா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளிம்பைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து முறை வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி உடனே முகர்ந்து பாருங்கள். பூஜை அறையின் கற்பூர வாசனை லேசாக வந்தால் அது செல்லுலாய்டு. வினைலிலோ அலுமினியத்திலோ அந்த வாசனை வராது. தீக்குச்சியை அருகில் கொண்டுபோய்ச் சோதிக்கவே கூடாது. பழைய சினிமா படச்சுருள்கள் எரிந்ததும் இதே வகைப் பொருளால்தான்.

இங்கே அந்தக் கட்டுரையின் ஒரு யோசனையை மறுக்க வேண்டியிருக்கிறது. துருப்பிடித்துச் சிக்கிய ஸ்குருவின் தலையில் சூடான சால்டரிங் அயர்னை வைத்தால் இளகும் என்று எழுதியிருந்தார்கள். மரத்தில் நேரடியாக இறங்கிய ஸ்குருவுக்கு அது நல்ல முறை. செல்லுலாய்டு கார்டின் வழியே போகும் ஸ்குருவுக்கு அதைச் செய்தால் கார்டு தீப்பிடிக்கும், அதன் கீழே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சும் சேர்ந்து எரியும். தயவுசெய்து இதை மட்டுமாவது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிக்கிய ஸ்குருவை முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, பிறகு தளர்த்த வேண்டும். துருவின் பிடி அப்போதுதான் விடும். தலையின் பள்ளத்தில் அடைந்த அழுக்கை ஊசியால் சுரண்டிவிட்டு, முனை தேயாத 1-ஆம் எண் பிலிப்ஸ் டிரைவரைச் செங்குத்தாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். மின்சார டிரைவர் வேண்டாம்.

கழற்றும் வேலைக்கு வருவோம். மேசையில் பருத்தித் துண்டை விரித்து அதன்மேல் பேஸைக் கிடத்துங்கள். ரப்பரும் மென்மையான வினைல் விரிப்பும் பழைய லாக்கரோடு ஒட்டித் தடம் பதித்துவிடும். கம்பிகளைத் தளர்த்துமுன் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிவிட்டால் டியூனர் பக்கத்துச் சுற்றுகள் குலையாது. பேஸின் தடித்த கம்பி ஒருமுறை வளைந்த இடத்தில் நிமிர்ந்து மறுபடி வளைந்தால் முறியும் என்பதால் இது வீண் கவனம் அல்ல. குமிழ்களின் பக்கவாட்டில் இருக்கும் சிறு ஸ்குருவைத் தளர்த்தினால் அவை தானாக வரும். ஸ்பூனைக் கொடுத்து நெம்பினால் கார்டின் விளிம்பில் பள்ளம் விழும். விரல் தாங்கியும் பிக்அப்பின் மேலுள்ள குரோம் மூடியும் இருந்தால், அவற்றின் நீளமான ஸ்குருக்களைத் தனியே வையுங்கள். ஓர் அட்டையில் கார்டின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையின் ஸ்குரு எதுவோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பது நல்லது. ஒவ்வொன்றும் அதனதன் துளையின் மரையோடு பழகிப்போனது.

கடைசி ஸ்குருவைத் தொடும்முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சுருங்கிய செல்லுலாய்டு கார்டை ஸ்குருக்கள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஓரத்து ஸ்குருக்களின் தலை உட்பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாலே இது தெரியும். எல்லாவற்றையும் கழற்றியதும் கார்டு தன் உண்மையான அளவுக்கு வந்துவிடும், துளைகள் ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விலகி நிற்கும். மறுபடி அதே இடத்தில் பொருத்தப் பார்த்தால் பெரும்பாலும் விரிசல்தான். சும்மா உள்ளே எட்டிப் பார்ப்போம் என்று செல்லுலாய்டு கார்டைக் கழற்றாதீர்கள். மாற்றுவது என்று முடிவுசெய்து, புதிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கார்டு லாக்கரோடு ஒட்டியிருந்தால் கத்தி கொடுக்காமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை விளிம்பின் கீழே நுழைத்து அறுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போகலாம். தூக்கும்போது ஓர் உள்ளங்கை உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். கீழே துணி சுற்றிய ஒயர்கள் இருக்கும், அவற்றின் சால்டர் இணைப்புகளும் கார்டின் வயதுதான்.

1957-லிருந்து வந்த பிரிசிஷன் பேஸில் ஒரு வசதி உண்டு, பலருக்கு இது தெரியவில்லை. பிக்அப்புகள் உடலோடு திருகப்பட்டவை. கார்டில் தொங்குபவை இரண்டு பாட்களும் (குமிழ்களின் அடியில் இருந்து ஒலியளவையும் தொனியையும் மாற்றும் பாகங்கள்) ஒயர் செருகும் ஜாக்கும் மட்டுமே. அவற்றின் நட்டுகளைக் கழற்றினால் மொத்த ஒயரிங்கும் ஒரே கொத்தாகக் கீழே இறங்கிவிடும். ஒரு சால்டர் இணைப்பைக்கூடத் தொட வேண்டியதில்லை. தொழிற்சாலையில் போட்ட சால்டர் கலையாமல் இருப்பது பழைய பேஸின் மதிப்பில் பெரும்பங்கு. ஆகவே எந்தக் கடையிலாவது இந்த வேலைக்கு ஒயரை வெட்ட வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் சரியாக உட்காரும். நட்டைத் திருப்பும்போது மறுகையால் பாட்டைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாட் சேர்ந்து சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸில் வேலை இன்னும் சுலபம். பாட்களும் ஜாக்கும் தனி உலோகத் தகட்டில் இருப்பதால் கார்டு வெறும் மூடிதான்.

பாட்டின் முதுகு தெரியும்போதே அதிலுள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். 137-ல் தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, 304-ல் தொடங்கினால் ஸ்டேக்போல் நிறுவனத்தின் தயாரிப்பு. கடைசி இரண்டு இலக்கம் வாரம், அதற்கு முன் இருப்பது வருடம். 1376642 என்றால் 1966-ஆம் வருடம் 42-ஆவது வாரம். பேஸின் வயதுக்கு இது நல்ல சாட்சி. பளபளப்பாக இருக்கட்டும் என்று அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

இப்போது புதிய கார்டு. இந்தக் கடிதத்தில் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. கார்டு பேஸுக்குப் பொருந்த வேண்டும், பேஸைக் கார்டுக்குப் பொருத்தக் கூடாது. கடையில் கிடைக்கும் கார்டு பழைய உடலின் துளைகளோடு அச்சு அசலாகச் சேருவது அரிது. அந்தக் காலத்தில் துளைகளைக் கையால் போட்டார்கள், ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கும். துளைகளின் எண்ணிக்கையே வேறுபடும். பிரிசிஷன் பேஸின் 1957 முதல் 1959 வரையிலான அலுமினிய கார்டில் பத்துத் துளை, அதன் பிறகு வந்த பிளாஸ்டிக் கார்டில் பதின்மூன்று. பத்துத் துளை உடலுக்குப் பதின்மூன்று துளை கார்டை வாங்கிவிட்டு, மிச்சம் மூன்றையும் உடலில் புதிதாகத் துளைத்துவிடுகிறார்கள். கார்டு நூறு செய்யலாம். அந்த மூன்று துளைகளை மூடி மறைக்க முடியுமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது.

பழைய கார்டை வைத்துப் புதிய கார்டுக்கு அளவெடுப்பதும் தவறு. அது சுருங்கிய அளவு. கார்டை ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து வெட்டக் கொடுப்பவர்கள் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள். உண்மையான அளவு உடலில் இருக்கிறது. துளைகள் அங்கே இருக்கின்றன, கார்டு மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் வண்ணம் மங்காமல் நிற்கும் எல்லைக்கோடும் அங்கேதான் இருக்கிறது. புதிய கார்டு அந்தக் கோட்டை முழுதும் மூட வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கரும்கோடு ஒன்று விளிம்பைச் சுற்றித் தெரியும், கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

துளைகளை உடலிலிருந்து கார்டுக்கு மாற்ற இரண்டு வழிகள். தெளிவான பிளாஸ்டிக் தாளை உடல்மேல் விரித்து, துளைகளையும் எல்லைக்கோட்டையும் நெக் (கிட்டாரின் கழுத்து) பொருந்தும் வாயையும் பிக்அப்பின் ஓரங்களையும் மெல்லிய மார்க்கரால் குறிப்பது ஒன்று. தாள் நகராமலிருக்கச் சிறு மணல் பைகளை வையுங்கள், ஒட்டும் டேப்பை லாக்கரில் ஒட்ட வேண்டாம், உரிக்கும்போது லாக்கரும் வரும். இன்னொரு வழி எங்களுக்கு அதிகம் பிடித்தது. அதே அளவு ஸ்குருக்கள் நான்கின் தலையை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் ஊசிபோல் தீட்டுங்கள். நான்கு மூலைத் துளைகளில் அவற்றை இறக்கினால் முனைகள் ஒரு மில்லிமீட்டர் மேலே நீட்டி நிற்கும். புதிய கார்டை நெக்கோடும் பிக்அப்போடும் சரியாக அமர்த்தி, ஒவ்வொரு முனைக்கும் மேலே கட்டைவிரலால் ஒரு அழுத்து. கார்டின் அடிப்பக்கத்தில் நான்கு புள்ளிகள் விழுந்திருக்கும். அளவுகோலே வேண்டாம், பிழையும் வராது.

பொருத்திப் பார்க்கும் வரிசையும் உண்டு. முதலில் நெக், அடுத்து பிக்அப் மூடிகள், கடைசியாகத்தான் ஸ்குரு துளைகள். நெக்கின் ஓரத்தில் இடித்தால் கார்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். பிக்அப் மூடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் இடம் வேண்டும். ஆசையாக இறுக்கமாகச் செய்துவிட்டால், வெயில் காலத்தில் பிளாஸ்டிக் விரியும்போது மூடியை நசுக்கும். பத்துத் துளைகளில் எட்டு சேர்ந்து இரண்டு மட்டும் விலகினால், விலகிய திசையில் கார்டின் துளையை ஊசி அரத்தால் முட்டை வடிவத்துக்கு நீட்டிவிடலாம், ஸ்குருவின் தலை அதை மறைத்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் துளையில்லாத கார்டாக வாங்கி நாமே துளைப்பது மேல்.

ஸ்குரு 4-ஆம் எண், அரை அங்குல நீளம், தலை மேலே லேசாகப் புடைத்த வகை. அதன் தண்டு 2.8 மி.மீ. இருக்கும். கார்டின் துளை 3.2 மி.மீ. ஆக இருக்கட்டும். இந்த இடைவெளிதான் பின்னாளில் கார்டு சுருங்கினாலும் விரிந்தாலும் விரிசல் விழாமல் காப்பது. அடியில் மரப்பலகை கொடுத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில் துளையுங்கள். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி டிரில் பிட்டில் சுற்றிக்கொள்ளும், அழுத்தினால் மறுபக்கம் சில்லு பெயரும். துளையின் வாயைக் கூம்பாகச் சரிக்க 82 டிகிரி பிட் வேண்டும், அங்குல அளவு ஸ்குருக்களின் தலை அந்தக் கோணத்தில்தான் இருக்கும். 90 டிகிரி பிட்டால் செய்தால் தலையின் அடிப்பகுதி மட்டும் தொட்டு நிற்கும், இறுக்கும்போது அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். பாட்டுக்கான துளை அமெரிக்க வகைக்கு 9.5 மி.மீ. புதிய கார்டில் அது 8 மி.மீ. ஆக இருந்தால் டிரில்லைவிட உருண்டை அரம் பாதுகாப்பானது.

புதியதாகவும் செல்லுலாய்டே வேண்டும், அதன் ஆழமான செம்மை வேறு எதிலும் வராது என்பவர்கள் உண்டு. கண்ணுக்கு அது உண்மைதான். ஆனாலும் எங்கள் கருத்து, வினைல் போதும். அரித்துச் சுருங்கியதைக் கழற்றிவிட்டு, வருங்காலத்தில் அதே வேலையைச் செய்யப்போகும் இன்னொன்றை ஏன் பழைய பிக்அப்புகளின் பக்கத்தில் வைக்க வேண்டும்?

உடலின் ஸ்குரு துளை தளர்ந்திருந்தால் பெரிய ஸ்குரு போடாதீர்கள். பல்குச்சியின் முனையில் வெள்ளை மரப்பசை தொட்டுத் துளைக்குள் இறக்கி, மட்டமாக வெட்டி, ஒரு நாள் காயவிட்டு, 2 மி.மீ. துளை போட்டால் பழைய ஸ்குருவே பிடிக்கும். சூப்பர் குளூ ஒரு சொட்டு வழிந்தாலும் லாக்கரைக் கரைத்துவிடும்.

மாற்றியபின் இரைச்சல் வருகிறது என்ற புகார் அடிக்கடி எழும். காரணம் பெரும்பாலும் எர்த். உலோக கார்டு இருந்த பேஸிலும், பிளாஸ்டிக் கார்டின் கீழே அலுமினியத் தகடு வைத்த பேஸிலும், பாட்களையும் ஜாக்கையும் எர்த்தில் இணைப்பது சில சமயம் அந்தத் தகடு மட்டும்தான், தனி ஒயர் இருக்காது. தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் பிளாஸ்டிக்கைப் பொருத்தினால் இரைச்சல் வரும், அல்லது சத்தமே வராது. பழைய தகட்டைத் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் பாட்டும் ஜாக்கும் வரும் பகுதியில் செம்புத் தாள் ஒட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் (கம்பிகளை உடலில் தாங்கும் உலோகப் பாகம்) மறுமுனையை ஒவ்வொரு பாட்டின் முதுகிலும் ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்தால் ஒரு ஓம்ஸுக்கு மேல் காட்டக் கூடாது. ஜாக்கின் சிக்னல் நாக்கு தாளில் தொடாமலிருக்க அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பிளக் செருகியதும் அந்த நாக்கு வளைந்து தொடும், ஆகவே பிளக்கைச் செருகி வைத்தே பாருங்கள். புதிய கார்டை விரலால் தேய்க்கும்போது சடசடவென்று கேட்டால் அது நிலைமின்சாரம். செம்புத் தாளை எர்த்தில் சேர்த்தால் அடங்கும்.

கார்டின் மேலுள்ள பாதுகாப்புத் தாளை ஸ்குரு, நட்டு வரும் இடங்களில் முன்பே உரித்துவிடுங்கள், பிறகு உரித்தால் நட்டின் அடியில் துணுக்கு சிக்கி நிற்கும். ஸ்குருவை உடலின் துளையில் வைத்து முதலில் பின்பக்கமாகச் சுற்றினால், ஓரிடத்தில் டக்கென்று விழும். அதுதான் பழைய மரையின் தொடக்கம், அங்கிருந்து முன்னே திருப்பினால் புது மரை வெட்டாது. நடுவிலிருப்பவற்றைத் தொடங்கி எல்லாவற்றையும் தளர்வாக இறக்கி, கார்டு தானாக அமர்ந்த பிறகு ஒவ்வொன்றாக விரல் நுனியின் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். தலை கார்டைத் தொட்டபின் எட்டில் ஒரு பங்கு சுற்று போதும்.

கழற்றிய பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள், பேஸ் எப்போதாவது கைமாறினால் அதுவும் கூடவே போக வேண்டும். ஆனால் செல்லுலாய்டாக இருந்தால் பேஸின் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலும் போடக் கூடாது. சாதாரணக் காகித உறையில் போட்டு, அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத, காற்றோட்டமான அலமாரியில், உலோகப் பொருள்களிலிருந்து தள்ளிப் படுக்கை வசமாக வைத்து, எந்தப் பேஸுடையது, எந்த நாளில் கழற்றியது என்று உறையின் மேல் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கிட்டார்களைப் பழுதுபார்க்கும் இருவர்